பிள்ளைக்குப் பயம், பயிற்சி அம்மாவுக்கு: இணையவழி சிபிடி பற்றி ஒரு விளக்கம்

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் இரண்டாம் வகுப்பு படிக்கும் பையன் ஒருவனை எடுத்துக்கொள்வோம். மூன்று மாதமாக அம்மா பள்ளி வாசலில் நின்றால்தான் அவன் வகுப்புக்குள் போகிறான். மனநல ஆலோசகரான கவுன்சிலரைப் பார்க்கச் சொல்கிறார்கள் பள்ளியில். கவுன்சிலரோ, "ஆன்லைனில் பெற்றோருக்கான சிபிடி சிகிச்சை இருக்கிறது, எட்டு வாரம், பிள்ளையைக் கூட்டி வர வேண்டாம், நீங்கள் வந்தால் போதும்" என்கிறார். அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. பயப்படுவது பையன், பயிற்சி மட்டும் எனக்கா? அப்படியென்றால் தப்பு என் மேலா? போனில் பேசியா இதைச் சரி பண்ணுவார்கள்? வீட்டில் ஆயா வேறு கேட்கிறார்: "கீழ்ப்பாக்கத்துக்கு இட்டுனு போற அளவுக்கு எம்பேரனுக்கு இன்னா ஆச்சு?"

1794-இல் தொடங்கி இன்று அயனாவரத்தில் இயங்கும் அரசு மனநல மருத்துவமனையைக் குறிக்கும் 'கீழ்ப்பாக்கம்' என்ற பெயரை இந்த ஊர் ஒரு வசவாகவே ஆக்கி வைத்திருக்கிறது. அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே உதவி தேடாமல் இருந்துவிட்ட குடும்பங்கள் நிறைய. போனிலேயே சிகிச்சை என்றால் பலருக்குப் பிடித்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். சரி, அந்தச் சிகிச்சை என்ன, எங்கே வேலை செய்கிறது, எங்கே செய்யாது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

சிபிடி என்பது என்ன

காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி என்பதன் சுருக்கம் சிபிடி. தமிழில் அறிதல் நடத்தைச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். 1960-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆரன் பெக் என்ற மனநல மருத்துவர் இதற்கு அடித்தளம் போட்டார். மனச்சோர்வில் இருப்பவர்களுக்கு நாள் முழுக்கச் சில எண்ணங்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருப்பதையும், அவற்றைச் சோதித்துப் பார்க்காமல் அவர்கள் அப்படியே நம்பிவிடுவதையும் அவர் கவனித்தார். சிபிடி அந்தக் கவனிப்பிலிருந்து வளர்ந்தது.

ஒரு வீட்டுக் காட்சி. கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். இரவு பத்து மணிக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. "எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் வண்டி வரிசையில் நிற்கும், அசந்திருப்பார்" என்று நினைக்கும் பெண் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவார். "ஏதோ ஆயிடுச்சு" என்று நினைப்பவருக்கு நெஞ்சு படபடக்கும், கை சில்லிடும், பதினான்கு முறை போன் அடிப்பார், பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுவார். இருவருக்கும் நடந்தது ஒன்றே. நடுவில் புகுந்த எண்ணம்தான் வேறு.

நிகழ்வு, எண்ணம், உடம்பும் உணர்வும், செயல் என்ற இந்த நான்கும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகும். எண்ணத்தைச் சோதித்தோ செயலை மாற்றியோ அந்தச் சுற்றை உடைப்பதுதான் சிபிடி. சிறு பிள்ளைகளிடம் எண்ணத்தைப் பற்றிப் பேசுவதைவிடச் செயலில் கைவைப்பதே பெரும்பாலும் எளிது. பெற்றோர் உள்ளே வருவது அந்த வழியாகத்தான்.

அனுசரித்துப் போவது எப்படிப் பயத்துக்குத் தீனி ஆகிறது

நம் பையனின் காலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஷூ மாட்டும்போதே தொடங்கிவிடுகிறது.

"ம்மா, கேட்டாண்டயே நிப்பியா?"

"நிக்கிறேன்டா கண்ணு."

தெருமுனையில் இன்னொரு முறை. பள்ளிச் சுவர் தெரிந்ததும் மூன்றாவது முறை. ஒவ்வொரு முறையும் அம்மா அதே பதிலைச் சொல்கிறார், பையன் முகம் சற்றே தெளிகிறது, ஐந்து நிமிடத்தில் மறுபடி இருள்கிறது. மணி அடிக்கும்வரை அம்மா நிற்கிறார். வேலைக்குப் போகும் வீட்டில் தினமும் தாமதம்.

அம்மா செய்வதற்கு நம்மிடம் நல்ல பெயரே இருக்கிறது: அனுசரித்துப் போவது. பிள்ளையின் பயத்துக்கேற்பக் குடும்பம் தன் நடையை மாற்றிக்கொள்வதை ஆராய்ச்சியாளர்களும் ஏறக்குறைய இதே பொருள் தரும் சொல்லால்தான் குறிக்கிறார்கள். இதன் பின்னால் இருப்பது அன்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் மூளை இதிலிருந்து கற்கும் பாடம் வேறு. அம்மா நின்றதும் பயம் சட்டென்று இறங்குகிறது. "அம்மா நின்றதால்தான் தப்பித்தேன்" என்று மூளை கணக்கு எழுதிக்கொள்கிறது. அம்மா நிற்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று கண்டுபிடிக்க அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. நாளைக்கு அம்மா இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டி வரும்.

மந்திரித்துக் கட்டிய கயிறுக்கும் இது பொருந்தும். பயந்த பிள்ளையைத் தர்காவுக்கோ கோயிலுக்கோ கூட்டிப் போவதில் தவறேதும் இல்லை, அது அந்தக் குடும்பத்தின் நம்பிக்கை. ஆனால் "கயிறு இல்லாமல் வகுப்புக்குள் காலே வைக்க மாட்டேன்" என்ற நிலை வந்துவிட்டால், கயிறும் வாசலில் நிற்கும் அம்மாவைப் போல ஓர் ஊன்றுகோலாகிவிட்டது என்று பொருள். நல்ல சிகிச்சையாளர் நம்பிக்கையைத் தொடாமல் ஊன்றுகோலை மட்டும் மெல்ல நகர்த்துவார்.

யேல் பல்கலைக்கழகத்தின் எலி லெபோவிட்ஸ் இந்த அனுசரிப்பை மட்டுமே குறிவைத்துப் பெற்றோருக்கான ஒரு சிகிச்சையை உருவாக்கினார். பதற்ற நோய் இருந்த 124 பிள்ளைகளின் குடும்பங்களை வைத்து அதைச் சோதித்தார்கள். ஒரு பாதியில் பிள்ளைக்கே நேரடியாக சிபிடி, மறுபாதியில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. 2020-இல் வெளியான முடிவின்படி, பெற்றோர் மட்டும் வந்த குழுவின் பிள்ளைகளும் மற்றவர்களுக்குக் குறையாமல் தேறினார்கள்.

'தப்பு என் மேலா' என்ற கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடலாம். பயத்தை உண்டாக்கியது அம்மா என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. இயல்பிலேயே கூச்சமும் பயமும் கூடுதலாக உள்ள பிள்ளைகள் உண்டு. பயத்தின் காரணம் எதுவாக இருந்தாலும், அது தினமும் நடமாடும் இடம் வீடு. அங்கே அதன் பாதையை மாற்றும் வாய்ப்பு, வாரம் ஒரு மணி நேரம் பார்க்கும் உளவியலாளரைவிடப் பெற்றோருக்கே அதிகம்.

படிக்கட்டு

மாற்றம் ஒரே நாளில் வெட்டுவது போல் வரக் கூடாது. படிப்படியாக வர வேண்டும், பிள்ளைக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நம் பையனுக்கு அது ஏறக்குறைய இப்படி அமையலாம்:

1. முதல் நான்கு நாள்: அம்மா வாசலில் நிற்பார், ஆனால் மணி அடிக்கும்வரை இல்லை, பத்து நிமிடம் மட்டும். முந்தின இரவு சாப்பிட்டு முடித்த பிறகு, பதறாத நேரத்தில் இதைச் சொல்லியிருப்பார்.
2. அப்புறம் எதிரே உள்ள ஜெராக்ஸ் கடை வாசலிலிருந்து கையசைப்பார்.
3. அடுத்து தெருமுனைப் பிள்ளையார் கோயில். அங்கிருந்து பையன் தனியாக நடந்து போவான்.
4. கடைசியாக, பக்கத்து வீட்டு அக்காவோடு போவான். அம்மா வீட்டிலேயே இருப்பார்.

ஒவ்வொரு படியிலும் சொல்லும் வாக்கியம் மாறுகிறது. "ஒண்ணும் ஆகாதுடா" என்பதும் "நான் இருக்கேன்ல" என்பதும் போய், "பயமாத்தான் இருக்கும்டா, எனக்குத் தெரியும். ஆனா உன்னால சமாளிக்க முடியும்" என்று வருகிறது. பயத்தை மறுக்காத முதல் பாதியும், பிள்ளையின் மேல் நம்பிக்கை வைக்கும் இரண்டாம் பாதியும் சேர்ந்தே வர வேண்டும். முதல் பாதி மட்டும் என்றால் பயம் பெரிதாகும், இரண்டாவது மட்டும் என்றால் பிள்ளைக்கு அது அதட்டலாகக் கேட்கும்.

பல குடும்பங்கள் கைவிட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. படி மாறியவுடன் முதல் சில நாள் அழுகை குறையாது, கூடும். இதுவரை வேலை செய்த வழி இப்போது ஏன் பலிக்கவில்லை என்று பிள்ளை இன்னும் பலமாக முயல்கிறான். "பார்த்தியா, இந்த ஆன்லைன் வைத்தியத்தால புள்ள இன்னும் மோசமாயிட்டான்" என்று ஆயா சொல்வது அந்த வாரத்தில்தான். அப்போது அம்மா மறுபடி வாசலில் மணி அடிக்கும்வரை நின்றுவிட்டால், பலமாக அழுதால் பலிக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்வான். அதனால் தொடங்குமுன்பே வீட்டிலுள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைப்பது அவசியம். அப்பாவும் ஆயாவும் ஒரே பதிலைச் சொல்லாத வீட்டில் படிக்கட்டு நிற்காது.

பயம் வேறு, அடம் வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். போன் வேண்டும் என்று தரையில் புரளும் பிள்ளைக்கான பயிற்சியில் பொதுவான பாராட்டு போய்க் குறிப்பான பாராட்டு வருகிறது. "நல்ல பையன்" என்பதைவிட "கூப்பிட்ட உடனே போனைக் கீழே வெச்சியே, சூப்பர்" என்பது அதிகம் வேலை செய்யும். சின்னச் சின்னக் கத்தலைக் கண்டுகொள்ளாமல் விடுவதும் அதில் ஒரு பாடம்.

அம்மாவின் மனசு

பிள்ளையைப் பற்றிப் பேச வந்த அம்மா இரண்டாவது வாரத்தில் தன்னைப் பற்றிப் பேசத் தொடங்குவது சிகிச்சையாளர்களுக்குப் பழக்கமான காட்சி. "மனசே சரியில்ல", "எதுலயும் புடிப்பு இல்ல", "ராத்திரி தூக்கமே வரல". படிக்கட்டு போடவும் பிள்ளை அழும்போது அசையாமல் நிற்கவும் தெம்பு வேண்டும். மனச்சோர்வில் இருப்பவருக்கு அது இல்லை. அப்போது முதல் சிகிச்சை அவருக்குத்தான்.

இதற்கு நம் மண்ணுக்கு நெருக்கமான சான்று ஒன்று இருக்கிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மான் என்ற மனநல மருத்துவரின் குழு, கர்ப்ப காலத்திலேயே மனச்சோர்வு இருந்த 903 பெண்களிடம் சிபிடி முறையைச் சோதித்தது. அதைக் கொண்டுபோனவர்கள் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளர் பெண்கள். உளவியல் பட்டம் எதுவும் அவர்களிடம் இல்லை. பிரசவம் ஆகி ஆறு மாதத்தில், சிகிச்சை பெற்றவர்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு நீடித்தது, சிபிடி பெறாத குழுவில் 53 சதவீதம். 2008-இல் வெளியான இந்த ஆய்வு உலகச் சுகாதார நிறுவனத்தின் கையேடாகவே மாறியது. நம் பகுதியில் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமும் அங்கன்வாடியும் எட்டாத தெரு குறைவு. இந்த வேலைக்கான கால்கள் ஏற்கனவே இங்கே நடந்துகொண்டிருக்கின்றன, அவர்களுக்குப் பயிற்சியும் நேரமும் கொடுப்பதுதான் பாக்கி என்பது என் உறுதியான எண்ணம்.

'ஆன்லைன்' என்ற ஒரு சொல்லில் மூன்று பொருள்

விளம்பரங்கள் குழப்புவது இங்கேதான். மூன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. வீடியோவில் உளவியலாளரோடு நேரடியாகப் பேசுவது. அறையும் பஸ் பயணமும்தான் இல்லை, மற்றதெல்லாம் நேரில் போவது போலவே.
2. துணையோடு கூடிய பாடத்திட்டம். பெற்றோர் வாரம் ஒரு பாடம் படித்தோ கேட்டோ முடிப்பார்கள், வீட்டில் செய்து பார்ப்பார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் வாரம் ஒருமுறை இருபது நிமிடம் கூப்பிட்டு என்ன நடந்தது என்று கேட்பார்.
3. செயலி மட்டும், அல்லது தானே பதில் சொல்லும் சாட்பாட் மட்டும். மறுமுனையில் மனிதர் இல்லை.

பெற்றோருக்கான திட்டங்களில் வலுவான சான்றுகள் இரண்டாவது வகைக்குக் கிடைத்திருக்கின்றன. ஃபின்லாந்தில் நான்கு வயதுப் பிள்ளைகளின் முரட்டு நடத்தைக்காக 464 குடும்பங்களில் பதினொரு வாரப் பாடமும் வாராந்திரப் போன் பயிற்சியும் சேர்த்துச் சோதித்தார்கள். 2016-இல் வெளியான முடிவில் பிள்ளைகளின் நடத்தை தெளிவாக மேம்பட்டிருந்தது. இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 5 முதல் 12 வயது வரையுள்ள பதற்றப் பிள்ளைகளின் 444 குடும்பங்களில் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. பெற்றோர் இணையத்தில் படித்துத் தாங்களே நடத்திய சிபிடி, வழக்கமான சிகிச்சைக்குக் குறைவில்லாத பலன் தந்தது. சிகிச்சையாளர் ஒரு குடும்பத்துக்குச் செலவிட்ட நேரம் மட்டும் ஐந்து மணி நேரத்திலிருந்து மூன்று மணி நேரமாகக் குறைந்தது. மனநலப் பணியாளர்கள் குறைவாக உள்ள நாட்டில் அந்த மிச்ச நேரம் இன்னொரு குடும்பத்துக்குப் போய்ச் சேரும்.

மூன்றாவது வகையில் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்கள். அழுகை கூடும் அந்த முதல் வாரத்தில் "இது வழக்கம்தான்மா, இன்னும் மூணு நாள் பாருங்க" என்று சொல்ல ஒரு குரல் தேவை. அந்தக் குரலுக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஒண்டுக்குடித்தனத்தில் ரகசியம் பேசுவது

வெளிநாட்டு ஆய்வுகளில் வரும் அம்மாவுக்குப் பெரும்பாலும் கதவு மூடிய ஓர் அறை இருக்கும். கொருக்குப்பேட்டையிலும் புளியந்தோப்பிலும் ஒற்றை அறையில் ஐந்து பேர், சுவருக்கு அந்தப்பக்கம் அடுத்த குடித்தனம். மாமியாரைப் பற்றி மாமியார் காதுபடப் பேச முடியாது, பிள்ளையைப் பற்றிப் பிள்ளை எதிரேயும் பேச முடியாது. இணையவழிச் சிகிச்சை இங்கே முறிவது நெட் இல்லாததால் என்பதைவிட இதனால்தான்.

இதற்கு வழிகள் உண்டு. வீடியோவை விட்டுவிட்டு வெறும் போன் அழைப்பாக்கி, மொட்டை மாடியில் துணி உலர்த்தும் நேரத்தில் பேசலாம். பக்கத்தில் யாராவது வந்தால் சொல்ல ஒரு குறிச்சொல்லை முதல் நாளே பேசி வைக்கலாம். "அரிசி வந்துடுச்சு" என்றால் பேச்சை மாற்றுங்கள் என்று பொருள். எழுத வராத அம்மா, வீட்டுப்பயிற்சியை வாய்ஸ் மெசேஜாகச் சொல்லலாம். வீட்டில் ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்றால், இரவு எட்டு மணிக்கு மேல் நேரம் கேட்டு வாங்க வேண்டும். இதையெல்லாம் முதல் அழைப்பிலேயே கேட்காத சிகிச்சையாளர் நம் வீட்டை அறியாதவர்.

காசிமேட்டுக் குடும்பங்களுக்கு நாள்காட்டியும் ஒரு கருவி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கரையில் இருக்கிறார்கள். எட்டு வாரத் திட்டம் அதற்குள் கச்சிதமாக அடங்கும். வருமானம் இல்லாத மாதங்கள், வீட்டில் சண்டை கூடும் மாதங்கள் என்பதும் உண்மை. ஆனாலும் அப்பாவும் உட்கார்ந்து கேட்கக்கூடிய காலம் அதுதான்.

பயம் நிஜமாகவே இருந்தால்

சிபிடி பற்றி நிலவும் பெரிய தவறான புரிதல், "எண்ணத்தை மாற்றினால் போதும், எல்லாம் மனப்பிரமை" என்பது. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளம். அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பத்தில் ஓர் ஆலையின் குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்து, குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின. அதைப் பார்த்த ஒரு பிள்ளை, ராத்திரி ஏதோ வாடை வந்தாலே எழுந்து உட்காருகிறாள் என்றால், "இது பகுத்தறிவுக்கு ஒவ்வாத எண்ணம்" என்று யாரும் அவளிடம் சொல்லக் கூடாது. அந்த எண்ணம் ஒரு ராத்திரி உண்மையாக இருந்தது.

இங்கே சிபிடியின் வேலை, ஆபத்தையும் பதற்றத்தையும் பிரிப்பது. வாடை வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, யாரைக் கூப்பிடுவது, ஈரத்துணி எங்கே இருக்கும் என்று குடும்பமே ஒரு திட்டம் போட்டு ஒருமுறை நடந்து பார்ப்பது முதல் படி. அது ஆபத்துக்கான பதில். அதற்குப் பிறகும், வாடையே இல்லாத ராத்திரியில் அம்மாவைப் பத்து முறை எழுப்பி "எதுவும் வரலல்ல?" என்று கேட்பது பதற்றம். படிக்கட்டு அதற்கு மட்டும். ஆலையைச் சரிசெய்வது ஆலையின் பொறுப்பு, அதைக் கண்காணிப்பது அரசின் பொறுப்பு. அந்தப் பாரத்தைப் பிள்ளையின் மனசில் ஏற்றிவிட்டு அதற்குச் சிகிச்சை என்று பெயர் வைக்கக் கூடாது.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. மருந்து தேவைப்பட்டால் அதை எழுதுபவர் மனநல மருத்துவர், அவர் வேறு.
2. என் பிள்ளையின் வயதுக்கும் இந்தப் பிரச்சினைக்கும் எத்தனை வாரம், ஒவ்வொரு வாரமும் யார் கூப்பிடுவார்கள்? தமிழிலா? "ஆங்சைட்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருப்பவருக்குப் பயமும் படபடப்பும் பதற்றமும் மூன்று வெவ்வேறு சொற்கள் என்பது புரியாமல் போகலாம்.
3. மறுமுனையில் பதில் சொல்வது மனிதரா? மருத்துவர்களுக்கான 2020-ஆம் ஆண்டு தொலைமருத்துவ வழிகாட்டுதலில், செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது என்று தெளிவாக இருக்கிறது. பிள்ளைக்கு மருத்துவர் தொலைவழியில் ஆலோசனை தருவதானால் பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்றும் இருக்கிறது.
4. பேச்சைப் பதிவு செய்வீர்களா, அது எங்கே போகும்? 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டவரின் தகவலுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது.

"உத்தரவாதம்", "ஏழே நாளில்" என்ற சொற்கள் வந்தால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

போனை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரம்

பிள்ளையோ பெற்றோரோ சாவைப் பற்றிப் பேசினால், தன்னைக் காயப்படுத்திக்கொண்டால், இல்லாத குரல் கேட்கிறது என்றால், நாள் கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லையென்றால், வீட்டில் அடியோ பாலியல் தொல்லையோ நடக்கிறது என்றால், எட்டு வாரப் பாடத்துக்குக் காத்திருக்கக் கூடாது. அடி விழும் வீட்டில் அம்மாவுக்கு அனுசரிப்பைப் பற்றிப் பாடம் நடத்துவது ஆபத்தானதும்கூட.

14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 1098, உடனடி உயிராபத்துக்கு 108. நேரில் என்றால் வடசென்னைக்குக் கிட்டத்தில் ஸ்டான்லி மருத்துவமனையின் மனநலப் பிரிவும் அயனாவரம் மனநல மருத்துவமனையும் இருக்கின்றன. அரசு மனநலச் சேவையைப் பெறுவது உரிமை என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். பிள்ளை எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, எதற்குப் பயந்தான், நீங்கள் என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று இரண்டு வாரம் எழுதிய நோட்டு இருந்தால், போகும்போது அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வெறுங்கையோடு போங்கள், எழுதி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம்.